கீழே இருந்து வந்த வைஃபை

அம்மாவின் லேப்டாப்புக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தூங்கி எழுந்தால் இன்டர்நெட்டை மறந்துவிடும்.

லேப்டாப் தூங்குமா என்று கேட்காதீர்கள். கொஞ்ச நேரம் யாரும் கண்டுகொள்ளாவிட்டால் அதன் திரை கறுத்துப்போகும். அதைத்தான் ஸ்லீப் மோடு என்கிறார்கள். ஏதாவது ஒரு பட்டனைத் தட்டினால் விழித்துக்கொள்ளும். செய்த வேலையெல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். இன்டர்நெட் மட்டும் போயிருக்கும். முழுசாக அணைத்துவிட்டு மறுபடி போட்டால்தான் அது திரும்பி வரும்.

அம்மா, வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பவர். அணைப்பதும் போடுவதுமாக அவருக்கு அலுத்துப்போய்விட்டது.

“எல்லாம் இந்தப் பாழாப்போன லைனால வர்றது. கம்பெனிக்குப் போன் பண்ணிட்டேன். இன்னிக்கு ஆள் வருவாராம்” என்றார்.

“லைன்ல தப்பு இல்லம்மா. உன் போன்ல அதே வைஃபை நல்லா ஓடுதே! லேப்டாப்தான் தூங்கி எந்திரிச்சதும் திருதிருன்னு முழிக்குது” என்றாள் மிளகு.

மிளகுக்குப் பத்து வயது. ஆள் சிறிசு, காரம் பெரிசு என்று அப்பா வைத்த பெயர் அது. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். அவளுடைய தம்பி உருண்டைக்கு ஆறு வயது. அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்பது பார்த்தாலே தெரியும்.

“வர்ற ஆள் பார்த்துச் சொல்லட்டும்” என்று அம்மா பேச்சை முடித்துவிட்டார்.

ஆனால் ஆள் வரவில்லை. மழைதான் வந்தது. விடிந்ததிலிருந்து விடாமல் பெய்ததால் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் வீட்டுக்குள் இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டும் மூலைகளில் இருட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

“வர்றேன்னு சொல்லிட்டு வராம இருக்கிறதே இவங்களுக்கு வேலையாப் போச்சு” என்று அம்மா முணுமுணுத்தார்.

அப்போது நாலாவது மாடியிலிருந்து பாட்டு டீச்சர் கூப்பிட்டார். அவர் வீட்டுச் சுவர் ஒழுகுகிறதாம். வீட்டுக்கு வரைபடம் போடத் தெரிந்தவருக்கு ஒழுகுவதை நிறுத்தவும் தெரியும் என்று அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் நம்பிக்கை.

“நான் போய் எட்டிப் பார்த்துட்டு வந்துடறேன். லேப்டாப் தூங்கிடும். எழுப்பி, அணைச்சுப் போட்டு வை மிளகு. வந்ததும் படத்தை அனுப்பணும்” என்று சொல்லிவிட்டு அம்மா படியேறினார். அவருடைய போன் சார்ஜரில் கிடந்தது.

வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது.

அம்மா வேலை செய்யும் சின்ன அறையில் மிளகு போய் உட்கார்ந்தாள். அவர்கள் வீடு தரைத்தளத்தில் இருந்தது. அந்த அறையின் மூலையில் கட்டடத்தின் கேபிள்கள் எல்லாம் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும். பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய் ஒன்றும் கூட இறங்கும். உருண்டை ஒரு நாற்காலியை இழுத்து வந்து, அக்காவுக்கு எவ்வளவு பக்கத்தில் போட முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

“உனக்குப் பயமா?” என்று கேட்டாள் மிளகு.

“இல்ல. உனக்குப் பயமா இருக்குமேன்னுதான்.”

லேப்டாப் தூங்கிப் போயிருந்தது. மிளகு எழுப்பினாள். வழக்கம் போல இன்டர்நெட் இல்லை. அணைத்துப் போடுவதற்கு முன்னால் என்னதான் நடக்கிறது என்று பார்க்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. வைஃபை படத்தைத் தொட்டாள். பக்கத்து வீட்டு வைஃபைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன.

அவர்களுடையது ‘மிளகு வீடு’. பாட்டு டீச்சருடையது ‘ஓசி இல்லை’. எதிர்வீட்டுப் பையனுடையது ‘புலி’.

அதற்கும் கீழே, இதுவரை பார்த்தே இராத ஒரு பெயர் இருந்தது.

‘யாராவது’.

“இது யாரு வீட்டு வைஃபை?” என்றாள் மிளகு.

உருண்டை எழுத்துக் கூட்டிப் படித்தான். “யா... ரா... வது. யாராவது வீட்டுது.”

‘மிளகு வீடு’ என்பதைத் தொட்டால், இணைக்க முடியவில்லை என்று வந்தது. திரும்பப் பட்டியலைப் பார்த்தபோது ‘யாராவது’ அங்கே இல்லை. மறைந்துவிட்டது. எங்கே போயிற்று என்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே அதே இடத்தில் வேறொரு பெயர் வந்து நின்றது.

‘கேட்குதா’.

டொக்... டொக்... டொக்.

மூலையிலிருந்த குழாயில் சத்தம் வந்தது. உருண்டை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

இந்தச் சத்தம் புதிதல்ல. மோட்டார் போட்டால் அந்தக் கட்டடத்துக் குழாய்கள் எல்லாம் இப்படித்தான் தட்டும். புதிதாகக் குடி வந்தவர்கள் மட்டும் முதலில் பயப்படுவார்கள். “குழாய்ல காத்து” என்று யாராவது சொல்வார்கள். நாலு நாளில் அவர்களும் அடுத்தவர்களுக்கு அதையே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

“குழாய்ல காத்து” என்றான் உருண்டையும். குரல்தான் கொஞ்சம் நடுங்கியது.

மிளகு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மோட்டார் ஓடினால் அவர்கள் வீட்டுத் தரையில் ஒரு உறுமல் கேட்கும். இப்போது மழைச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

“மோட்டார் ஓடலையே!” என்றாள்.

டொக்... டொக்... டொக்.

திரையில் ‘கேட்குதா’ மறைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ‘இருட்டு’ என்று வந்தது.

லேப்டாப்பை மூடிவிட்டு மாடிக்கு ஓடிவிடலாமா என்று மிளகு நினைத்தாள். உண்மையில் பாதி எழுந்தும்விட்டாள்.

“அக்கா, லேப்டாப்புக்குள்ள பேய் இருக்கா?”

“பேய்க்கு இருட்டுன்னா பிடிக்கும்டா. இது இருட்டா இருக்குன்னு அழற மாதிரி இருக்கே!” என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது சரி என்று அவளுக்கே பட்டது. மறுபடி உட்கார்ந்தாள்.

வைஃபைக்குப் பெயர் தானாக வராது. யாராவது வைத்தால்தான் வரும். அப்பா வெளியூர் போகும்போது தன் போனிலிருந்தே வைஃபை அனுப்புவதை அவள் பார்த்திருக்கிறாள். அதற்கு எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். அப்படியென்றால் யாரோ ஒருவர், மிகவும் பக்கத்தில் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, தன் போனில் பெயரை மாற்றி மாற்றி வைக்கிறார்.

“அந்த ஆள் பேசுறார். நாமளும் பேசிப் பார்ப்போம்” என்றாள் மிளகு.

அம்மாவின் போனை எடுத்தாள். அதன் பூட்டைத் திறக்க அவளுக்குத் தெரியும். அது அவளுக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. போனில் வைஃபை அனுப்பும் இடத்துக்குப் போய் ‘யார் நீங்க’ என்று பெயர் வைத்தாள்.

இருவரும் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘இருட்டு’ மறைந்தது. சன்னலில் மழை அடித்தது. குழாயும் தட்டவில்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பது போல இருந்தது.

பிறகு ஒரு பெயர் வந்தது.

‘உதவி’.

மிளகு மடமடவென்று ‘எங்கே’ என்று மாற்றினாள். இந்தத் தடவை பதில் வர அதிக நேரம் ஆகவில்லை.

‘கீழே’.

உருண்டை சட்டென்று இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டான்.

கீழே என்றால் அடித்தளம். சைக்கிள்கள், மோட்டார், கேபிள் அறை எல்லாம் அங்கேதான் இருந்தன. கேபிள் அறையை எல்லாரும் பூனை ரூம் என்பார்கள். ஒரு சமயம் ஒரு பூனை உள்ளே புகுந்து, கேபிள்களுக்கு நடுவில் குட்டி போட்டு, குட்டிகள் கடித்து விளையாடி, கட்டடம் முழுக்க இன்டர்நெட் போய்விட்டது. அன்றிலிருந்து ஒரு கட்டளை. அந்தக் கதவு திறந்திருந்தால் யார் பார்த்தாலும் தாழ்ப்பாள் போட வேண்டும். பெரியவர்கள் மறந்தாலும் குழந்தைகள் மறக்கமாட்டார்கள்.

மிளகு மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினாள்.

“உருண்டை, சாப்பிடறதுக்கு முன்னாடி நீ கீழ போனியா?”

“ஆமா. என் சைக்கிள் நனையாம உள்ள வைக்கப் போனேன்.”

“பூனை ரூம் கதவு எப்படி இருந்துச்சு?”

உருண்டையின் முகம் பெருமையில் மலர்ந்தது. “திறந்து கிடந்துச்சு! நான்தான் சாத்தி, தாழ்ப்பாள் போட்டேன். வெளிய இருந்த சுவிட்சையும் அணைச்சேன். கரண்ட் வேஸ்ட் ஆகுமில்ல?”

மிளகு நாற்காலியை விட்டு எழுந்தாள். “உள்ள யாராவது இருக்காங்களான்னு பார்த்தியா?”

“பூனை இருக்கான்னு பார்த்தேன். இல்ல” என்றான் உருண்டை. பிறகு அவன் முகத்திலிருந்த பெருமை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. “ஏன்க்கா?”

லேப்டாப்பில் பெயர் மாறியிருந்தது.

‘தண்ணீர்’.

கேபிள் அறை மற்ற இடங்களைவிடப் பள்ளம். கதவைத் திறந்ததும் உள்ளே படிகள் இறங்கும். தெருவோரம் ஒரு காற்றுத் துவாரம் உண்டு. விடிந்ததிலிருந்து பெய்கிற மழை அந்தத் துவாரத்தின் வழியாக எங்கே போயிருக்கும் என்று மிளகுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

“நீ மேல ஓடு. அம்மாகிட்ட, பூனை ரூமுக்குள்ள ஒரு ஆள் மாட்டிக்கிட்டார், தண்ணி ஏறுதுன்னு சொல்லு. அழுதுக்கிட்டே சொல்லாத, புரியாது. போ!”

உருண்டை ஓடினான். அவன் அவ்வளவு வேகமாக ஓடி அவள் பார்த்ததே இல்லை.

அம்மா வரும்வரை காத்திருக்கலாம். நாலு மாடி ஏறி, சொல்லி, புரிய வைத்து, இறங்கி வர வேண்டும். மிளகு திரையைப் பார்த்தாள். ‘தண்ணீர்’ மறைந்தது. அவள் போனில் அவசரமாக ‘வர்றேன்’ என்று வைத்தாள். பதிலுக்குக் காத்திருந்தாள். பட்டியலில் ‘புலி’ இருந்தது, ‘ஓசி இல்லை’ இருந்தது. அந்த இன்னொரு பெயர் திரும்ப வரவே இல்லை.

போனின் டார்ச்சைப் போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள்.

அடித்தளத்துக்குப் போகும் படிகளில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. அதுவும் எரியலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து எரிந்தது. கீழே தரையெல்லாம் ஈரம். யாருடைய செருப்போ ஒன்று தண்ணீரில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. வரிசையாக நின்ற சைக்கிள்களின் நிழல்கள், டார்ச் அசைந்தபோது சுவரில் நடந்தன. மிளகு அவற்றைப் பார்க்காமல் நடந்தாள்.

பூனை ரூம் கதவு சாத்தியிருந்தது. தட்டும் சத்தம் இல்லை.

“உள்ள யாரு?” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. கதவில் ஓங்கித் தட்டி, “உள்ள யாராவது இருக்கீங்களா?” என்று கத்தினாள்.

ஒன்றும் கேட்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ‘களக்’ என்று ஒரு தடவை ஒலித்தது.

பிறகு, அவள் காதுக்கு நேராக, கதவில் ஒரு தட்டு விழுந்தது.

டொக்.

மிளகு துள்ளி விழுந்தாள். அலறி ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தத் தட்டு ரொம்பக் களைத்துப்போன தட்டாக இருந்தது. அவள் சுவிட்சைப் போட்டாள். கதவிடுக்கில் கோடு போல வெளிச்சம் தெரிந்தது. தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். ஈரத்தில் கதவு ஊதிப்போய், தாழ்ப்பாள் கெட்டியாகக் கவ்விக்கொண்டிருந்தது. காலில் இருந்த செருப்பைக் கழற்றி, அதை வைத்து ஓங்கி ஓங்கி அடித்தாள்.

“கதவைத் தள்ளாதீங்க! உங்க பக்கம் இழுத்துப் பிடிங்க, அப்பதான் தாழ்ப்பாள் நகரும்!” என்று கத்தினாள்.

கதவு உள்பக்கமாகக் கொஞ்சம் போனது. தாழ்ப்பாள் ‘கிறீச்’ என்று விட்டுக்கொடுத்தது.

கதவைத் திறந்தாள். மேல் படியில், பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு மனிதர் நின்றிருந்தார். மற்றப் படிகளைக் காணவில்லை. அவற்றின் மேல் கறுப்பாகத் தண்ணீர் நின்றது. அவருடைய பேன்ட் முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. வெளிச்சத்தில் கண்களைச் சுருக்கிக்கொண்டு மிளகைப் பார்த்தார். எதிரில் ஒரு பெரிய ஆளை எதிர்பார்த்தாரோ என்னவோ, முதலில் அவளுக்கு மேலே பார்த்துவிட்டு அப்புறம்தான் குனிந்தார்.

“நீயா... பாப்பா?” குரல் கட்டிப்போய்க் காற்றாக வந்தது.

“நான்தான். வெளிய வாங்கண்ணா” என்றாள் மிளகு.

பின்னால் படிகளில் தடதடவென்று சத்தம் கேட்டது. அம்மா, பாட்டு டீச்சர், எதிர்வீட்டுப் பையன் எல்லாரும் ஓடி வந்தார்கள். கடைசியாக உருண்டை வந்தான். அவரைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அவர்தான் அம்மா கூப்பிட்ட இன்டர்நெட்காரர். வீட்டு மணியை அடிப்பதற்கு முன்னால் கீழே லைனைச் சோதித்துவிடலாம் என்று நேராகக் கேபிள் அறைக்குப் போயிருக்கிறார். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கேபிள் பெட்டிக்குப் பின்னால் குனிந்திருந்தபோது விளக்கு போய்விட்டது. கதவிடம் வந்தால் அது திறக்கவில்லை. கீழே போன் சிக்னலும் கிடையாது.

“கத்தினேன், தட்டினேன். மேல யாரோ ‘குழாய்ல காத்து’ன்னு சொல்லிட்டுப் போறது குழாய் வழியா எனக்கே கேட்டுச்சு” என்றார்.

பாட்டு டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். மத்தியானம் படியிறங்கி வந்தபோது அப்படிச் சொன்னது அவர்தான்.

“அப்புறம்தான் போன்ல வைஃபை பேரை மாத்தினா மேல யாராவது பார்ப்பாங்களான்னு தோணுச்சு. எல்லாருக்கும் வைஃபை தானா ஒட்டிக்கும், பட்டியலை யாரு பார்க்கப் போறா? ஆனாலும் விடல. பேரை அனுப்பிட்டு, அணைச்சிட்டு, ஏதாவது பதில் வருதான்னு தேடிட்டு, மறுபடி அனுப்பிட்டு... கடைசியா ‘வர்றேன்’னு பார்த்தேன் பாரு, அத்தோட போன் செத்துப்போச்சு” என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பது போலக் கண்களையும் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் உட்கார்ந்து, சூடான தேநீர் இரண்டு கோப்பை குடித்த பிறகுதான் அவருக்கு நடுக்கம் நின்றது. அம்மா திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். உருண்டை கதவுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினான்.

“என் மேல கோவமா?”

“நீதான் தாழ்ப்பாள் போட்ட ஆளா? லைட்டையாவது விட்டு வச்சிருக்கலாம்டா தம்பி!” என்றார் அவர். உருண்டை ஓடி வந்து அவர் மடியில் தன் பிஸ்கட்டை வைத்தான். பாதி கடித்த பிஸ்கட்தான். இருந்தாலும் அவன் பிஸ்கட் கொடுப்பது சாதாரண விஷயமில்லை.

“சரி, உங்க லைனைப் பார்த்துட்டேன். அதுல ஒரு கோளாறும் இல்ல. லேப்டாப்பைக் கொண்டு வாங்க” என்றார்.

மிளகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தார்.

அவர் லேப்டாப்பின் உள் அமைப்புகளைத் திறந்து, வைஃபை கருவியின் பெயரைத் தேடி எடுத்தார். அங்கே ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டிருந்தது. மிளகு அதைப் படித்தாள். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைத்துவிடலாம் என்று எழுதியிருந்தது.

“தூங்கப் போகும்போது கரண்ட் வேஸ்ட் ஆகக்கூடாதுன்னு வைஃபையை அணைச்சிடுது. எந்திரிச்ச பிறகு அதைச் சரியா எழுப்பத் தெரியல” என்றார்.

“நம்ம உருண்டை மாதிரியேதான்!” என்றாள் மிளகு. எல்லாரும் சிரித்தார்கள். உருண்டைதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

டிக்கை எடுத்துவிட்டு லேப்டாப்பைத் தூங்க வைத்தார்கள். எழுப்பினார்கள். கண்ணை விழித்ததும் இன்டர்நெட் வந்து ஒட்டிக்கொண்டது. அம்மா வரைபடத்தை அனுப்பினார்.

மழை விட்டிருந்தது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை மிளகு கூடப் போனாள். அவர் ஷூவுக்குள் காலை நுழைத்தபடி அவளைப் பார்த்தார்.

“ஒரு விஷயம் கேக்கணும் பாப்பா. யாரு, என்னன்னே தெரியாம அந்த இருட்டுக்குள்ள தனியா வந்தியே, உனக்குப் பயமா இல்லையா?”

“ரொம்பப் பயமா இருந்துச்சு. ஆனா நீங்க என்னைவிட அதிகமாப் பயந்துக்கிட்டு இருந்தீங்கல்ல?” என்றாள் மிளகு.

அவ்வளவு பெரிய மனிதர் அவள் உயரத்துக்குக் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில், “ஆமா பாப்பா, ரொம்பவே பயந்துட்டேன்” என்றார்.